சுத்தியல் இல்லாத துப்பாக்கியின் ட்ரிகர்

பாபநாசத்துக்கு வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் கல்யாண தீர்த்தத்தில் வ.வே.சு. ஐயரை நினைக்காமல் போவதில்லை. 1925 ஜூனில், அருவியில் தவறிய மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் பாய்ந்து அவரும் மாண்டது அங்கேதான். கம்பனை ஆராய்ந்தவர், சேரன்மாதேவி குருகுலத்தை நடத்தியவர், 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவர் என்று அவரைப் பலவிதமாகச் சொல்வார்கள். இந்த அத்தியாயத்துக்கு வேண்டியவர், புதுச்சேரியில் இளைஞர்களுக்குக் கைத்துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்த ஐயர். அவரிடம் பழகிய செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில், ரயில் பெட்டிக்குள் அமர்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்.

அதன் அரசியலை வரலாற்று நூல்களில் படித்துக்கொள்ளலாம். நாம் இயந்திரத்தைப் பார்ப்போம். ஜான் பிரௌனிங் வடிவமைத்து, ஹெர்ஸ்டால் ஊரில் எஃப்.என். நிறுவனம் செய்து விற்ற 1900, 1906 மாடல் சிறு கைத்துப்பாக்கிகளில் சுத்தியலே கிடையாது. பின்பக்கம் தூக்கி நின்று தோட்டாவின் அடியைத் தட்டும் ஹாமருக்குப் பதில், மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடுக்குள்ளேயே, ஸ்பிரிங்கை எதிர்த்துப் பின்னுக்கு இழுத்து நிறுத்தப்பட்ட ஒரு ஊசி. ட்ரிகரை அழுத்தினால் பிடி விடும், ஊசி நேராகப் பாயும். அந்த ஊசிதான் ஸ்டிரைக்கர். 1900 மாடலில் பிரௌனிங் இன்னும் சிக்கனமாக யோசித்தார்: குழலுக்கு மேலே கிடக்கும் ஒரே ஸ்பிரிங், ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் வேலையையும் ஸ்டிரைக்கரைப் பாய்ச்சும் வேலையையும் சேர்த்துச் செய்தது. ஏழு தோட்டா கொள்ளும் அந்தத் துப்பாக்கிக்காகப் பிறந்த .32 தோட்டாதான் இன்றும் நம் ஊரில் உரிமத்தோடு வைத்திருக்கும் பெரும்பாலான ஆட்டோ கைத்துப்பாக்கிகளின் தோட்டா. 

ஆக, ஸ்டிரைக்கர் துப்பாக்கி என்றாலே கிளாக் என்று நினைப்பது தவறு. கிளாக் வந்தது 1982-ல். தாமிரபரணிக் கரைக்கு ஸ்டிரைக்கர் வந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது.

விரல் எதை உணர்கிறது

துப்பாக்கி பேச்சு வந்தால் உடனே கேட்கப்படும் கேள்வி, "ட்ரிகர் எத்தனை கிலோ?" என்பது. கேட்க வேண்டிய கேள்விகளில் அது கடைசி. ஒரு ட்ரிகரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். காலித் துப்பாக்கியில், தோட்டா இருக்கும் அறையான சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, பாதுகாப்பான திசையை நோக்கி. முதலில் எதிர்ப்பே இல்லாத ஒரு ஓட்டம். பிறகு விரல் எதிலோ முட்டி நிற்கும். சுடுகிறவர்கள் அதைச் 'சுவர்' என்பார்கள். சுவரில் அழுத்தத்தைக் கூட்டினால் ஒரு கட்டத்தில் பட்டென்று விடும். விட்ட பிறகும் ட்ரிகர் கொஞ்சம் பின்னுக்குப் போகும். இனி ஸ்லைடைக் கையால் இழுத்துவிட்டு, விரலை மெல்லத் தளர்த்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அதுதான் ரீசெட், அடுத்த வேட்டுக்குத் தயார் என்ற அறிவிப்பு.

இந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித் தனிக் குணம் உண்டு. சுவருக்கும் விடுதலுக்கும் நடுவே ட்ரிகர் மணலில் இழுபடுவது போல ஊர்ந்தால், சுடுகிறவருக்கு எப்போது விடும் என்று தெரியாது. தெரியாததால் கடைசி நொடியில் வெடுக்கென்று இழுப்பார். வலக்கைக்காரராக இருந்தால் குண்டு இடப்பக்கம் கீழே போய் விழும். பயிற்சிக் களத்தில் புதியவர்களின் அட்டைகளைப் பார்த்தால் பாதிப் பேருக்கு இடது கீழ்மூலைதான் ஓட்டை. அதற்குப் பெரும்பாலும் ட்ரிகரின் எடை காரணமல்ல. இரண்டரைக் கிலோ ட்ரிகர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி விட்டால், ஒன்றரைக் கிலோவில் நாளுக்கொரு மாதிரி விடுவதைவிட அது மேல். என் கணக்கில் நல்ல ட்ரிகருக்கு இலக்கணம் இவ்வளவுதான்.

ஸ்டிரைக்கர் துப்பாக்கிகளின் ட்ரிகர் ஏன் கொஞ்சம் மசமசவென்று இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. ஹாமர் துப்பாக்கியில் ஹாமர் ஏற்கெனவே முழுதாகத் தூக்கி நிற்கும்; ட்ரிகர் அதன் கொக்கியை மட்டும் நழுவவிட்டால் போதும். கிளாக்கில் ஸ்டிரைக்கர் பாதிதான் இழுபட்டு நிற்கிறது. உங்கள் விரல் மீதியையும் பின்னுக்கு இழுத்து, ஸ்டிரைக்கர் பாதையைக் குறுக்கே அடைத்திருக்கும் பாதுகாப்புக் கட்டையை மேலே தள்ளி, அதற்கப்புறம்தான் பிடியை விடுவிக்கிறது. ஒரே இழுப்பில் மூன்று வேலை. அந்தக் கனமும் ஓட்டமும் குறையல்ல. தனியாகக் கையால் தள்ளும் சேஃப்டி இல்லாத துப்பாக்கியில் அதுவே பாதுகாப்பு.

ஒப்பிட்டுப் பார்க்கையில்

கிளாக்கின் சாதாரண இழுப்பு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. நம் தேசியப் பாதுகாப்புப் படையினர் கையில் இருப்பது இந்தக் குடும்பத்துத் துப்பாக்கிதான். இழுப்பின் கனத்தைத் தீர்மானிப்பதில் கனெக்டர் என்ற வளைந்த தகட்டுக்குப் பெரிய பங்கு. அதன் சாய்வுக் கோணத்தை மாற்றினால் கனம் மாறும். மைனஸ் குறி போட்ட கனெக்டரை நிறுவனமே தருகிறது. அது ஏறத்தாழ அரைக் கிலோ குறைக்கும். போட்டிக்காகச் செய்த நீளமான கிளாக் 34-ல் அதுதான் வரும்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. நியூயார்க் காவல்துறை, ரிவால்வரிலிருந்து ஆட்டோவுக்கு மாறிய காலத்தில், பதற்றத்தில் விரல் பட்டு வெடித்துவிடக் கூடாது என்று ட்ரிகர் ஸ்பிரிங்கையே மாற்றி இழுப்பை ஏறத்தாழ ஐந்தரைக் கிலோவாக்கியது. 'நியூயார்க் ட்ரிகர்' என்று அதற்குப் பெயரே ஆகிவிட்டது. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் வாசலில் ஒரு கொலையாளியைக் காவலர்கள் சுட்டபோது வழியில் நின்ற ஒன்பது பேர் காயப்பட்டார்கள். காவலர்களின் குண்டுகளும் அவற்றின் சிதறல்களுமே காரணம். ஐந்தரைக் கிலோவை இழுக்கும் அவசரத்தில் குறி எவ்வளவு தடுமாறும் என்ற விவாதம் அதன் பிறகு பெரிதாக எழுந்தது. கனமான ட்ரிகர் விரலின் தவறைக் கொஞ்சம் தடுக்கும். குறியின் தவறைக் கூட்டும். இரண்டில் எது பெரிய ஆபத்து என்று ஒரே பதில் சொல்லிவிட முடியாது. பயிற்சி குறைந்த படைக்குக் கனமான ட்ரிகரைக் கொடுப்பது, பயிற்சிச் செலவை ஸ்பிரிங்கில் மிச்சம் பிடிப்பது என்பது என் கருத்து.

ஜெர்மனியின் வால்தர் 2011-ல் கொண்டுவந்த பி.பி.க்யூ. வேறொரு பாதை. அதில் ஸ்டிரைக்கர் ஏறத்தாழ முழுதாகவே இழுபட்டு நிற்கும். அளந்தால் கிளாக்குக்குச் சமீபமான எடைதான் வரும். விரலுக்கோ பாதிக் கனம் போலத் தோன்றும். சுவர் தெளிவாக முட்டுகிறது, விடுதல் சுத்தமாக இருக்கிறது, ரீசெட் இரண்டரை மில்லிமீட்டரிலேயே வந்துவிடுகிறது. எடையை வைத்து மட்டும் ட்ரிகரைத் தரம் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. துருக்கியின் கனிக், செக் நாட்டின் பி-10 எல்லாம் இதே வழியில் வந்தவை.

கடைசியாக ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். 2014-ல் வந்த சிக் பி320, நல்ல ட்ரிகர் என்று பெயர் வாங்கியது. 2017 தொடக்கத்தில் அமெரிக்க ராணுவமே அதன் ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பொதுமக்களுக்கு விற்ற பி320-ஐ ஒரு குறிப்பிட்ட கோணத்தில், பின்பக்கம் தரையில் படும்படி கீழே போட்டால் தானாக வெடிக்கிறது என்று சோதனைகள் காட்டின. துப்பாக்கி தரையில் மோதி நின்றுவிடும்; ட்ரிகருக்கு எடை இருப்பதால் அது மட்டும் தன் வேகத்தில் பின்னுக்கு ஓடும்; விரல் இழுத்ததுபோல ஆகிவிடும். கிளாக்கில் ட்ரிகரின் நடுவே நாக்குபோல நிற்கும் சிறு நெம்புகோல், நேரே விரல் பட்டாலொழிய ட்ரிகரை நகரவிடாது. பி320-ல் அது இல்லை. நிறுவனம் ட்ரிகரையும் சில உள்பாகங்களையும் எடை குறைந்தவையாக மாற்றித் தந்தது. ட்ரிகர் என்பது மற்றப் பாகங்களோடு சேர்ந்த ஒரு கணக்கு என்பதை உலகின் பெரிய நிறுவனமே இப்படிப் படித்துக்கொண்டது. கடையில் வாங்கிய ஒரு பாகத்தை வீட்டு மேசையில் மாட்டும்போது இந்தக் கணக்கை யார் போட்டுப் பார்ப்பது?

பரணில் இருக்கும் .32

நம் பக்கத்து நிலைமை வேறு. 9 மி.மீ. தோட்டா சாதாரண உரிமக்காரருக்குத் தடைசெய்யப்பட்ட வகை. எனவே கிளாக் 17, பி.பி.க்யூ. எல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள மட்டுமே. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980-களின் நடுவில் நின்றுபோனதால், நாட்டில் கைமாறிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் பழைய சரக்கு. அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் பழைய குடும்பங்களில் பயிரைக் காக்க வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கிதான் அதிகம். எங்காவது ஒரு வீட்டில் தாத்தா விட்டுப்போன கைத்துப்பாக்கி இருந்து, அது எஃப்.என். 1910 அல்லது 1922 மாடலாக இருந்தால், உங்களிடம் இருப்பதும் ஸ்டிரைக்கர் துப்பாக்கிதான்.

அந்த வயதுத் துப்பாக்கியின் ட்ரிகர் கரகரவென்றிருப்பது இயல்பு. அதை 'லேசாக்கித் தருகிறேன்' என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். உள்ளே பிடி விடும் இடத்தில், அதாவது சியரில், இரண்டு இரும்பு முனைகள் மிகச் சிறிய பரப்பில்தான் பற்றி நிற்கின்றன. அதை அரம் போட்டுத் தேய்த்தால் இழுப்பு குறையும், உண்மைதான். கூடவே, மேற்பரப்பில் மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகு தேய்ந்து, சில நூறு வேட்டுக்குள் பிடி தானாக நழுவும் நிலை வரும். ஸ்டிரைக்கர் ஸ்பிரிங்கை மெலிதாக மாற்றுவதும் அப்படியே: இழுப்பு குறையும், தோட்டாவின் அடியில் விழும் அடியும் குறையும், வேண்டிய நேரத்தில் 'டிக்' என்று சத்தம் மட்டும் வரும்.

பழைய துப்பாக்கிக்கு நியாயமான மேம்பாடு ஒன்றுதான்: பழைய நிலைக்குக் கொண்டுவருவது. உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, களைத்துப்போன ஸ்பிரிங்குகளை அதே பலமுள்ள புதியவற்றால் மாற்றச் சொல்லுங்கள். உறைந்துபோன எண்ணெயைக் கழுவச் சொல்லுங்கள். கரகரப்பில் பாதி அந்த எண்ணெய்தான். ஸ்டிரைக்கர் ஓடும் துளை உலர்ந்தே இருக்க வேண்டும். அங்கே எண்ணெய் விட்டால் அழுக்கைச் சேர்த்துப் பசையாகி ஊசியின் வேகத்தைத் தின்னும். கிளாக்கின் கையேடும் இதையே சொல்கிறது.

பொதிகை அடிவாரத்தில் சாரல் காலமும் ஐப்பசி மழையும் சேர்ந்து வருடத்தில் பல மாதம் ஈரம். தோல் உறையில் போட்டு பீரோவில் வைக்கும் பழக்கத்தை விடுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உறை பட்ட இடத்திலெல்லாம் துருப்பிடிக்க வைக்கும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, உலர்ந்த துணி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். பழைய ஸ்டிரைக்கர் ஊசிகள் முனை ஒடியக்கூடியவை. காலியாக அழுத்திப் பழக வேண்டுமென்றால் உள்ளே போலித் தோட்டா போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம்

சுருக்கமாக. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற வரையறைக்குள் அதன் பாகங்களும் வரும். வெளிநாட்டிலிருந்து கனெக்டரோ ஸ்பிரிங்கோ பார்சலில் வரவழைப்பது, வாங்குகிறவர் நினைப்பதுபோல வண்டிக்கு உதிரிபாகம் வாங்குகிற காரியம் அல்ல. அதற்கு இறக்குமதி உரிமம் வேண்டும். பழுதுபார்ப்பதையும் மாற்றி அமைப்பதையும் தொழிலாகச் செய்கிறவரிடம் அதற்கான உரிமம் இருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் இரண்டே. உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டிய இடம் திருநெல்வேலி கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலகம். ஆஷ் வகித்த அதே பதவிதான் இன்று இந்த உரிமத்தைத் தருகிறது என்பது வரலாற்றின் வேடிக்கை.

பாபநாசத்துக்கு இன்னொரு விதியும் உண்டு. சோதனைச் சாவடிக்கு அப்பால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1972 வனவிலங்குச் சட்டப்படி, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய முடியாது. அந்தச் சட்டத்தின் 'ஆயுதம்' மிக விரிந்தது. விலங்கைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் அதில் அடங்கும். வண்டிக்குள் கிடக்கும் ஏர்கன்னும் சேர்த்தி. துப்பாக்கி உரிமம் கையில் இருப்பது அங்கே சாக்காகாது. காப்பகத்துக்குள் இருக்கும் காரையாறு போகிற அன்றைக்குத் துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டிவிட்டுப் போங்கள்.

எங்கே செலவு செய்யலாம்

ட்ரிகர் ருசி உண்மையிலேயே தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு நான் காட்டும் வழி பத்து மீட்டர் ஏர் பிஸ்டல். ஸ்டிரைக்கர் துப்பாக்கிக்கும் இதற்கும் இயந்திரத்தில் சம்பந்தமில்லை. விரல் செய்யும் வேலை ஒன்றே. 4.5 மி.மீ. வாயும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர்கன்னுக்கு, 2016 விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் ஆறு ஜூல் அளவே.

இதில் ட்ரிகரை மாற்றிக்கொள்வது சட்டமும் விதியும் அனுமதித்த விளையாட்டு. ஸ்டெயர், வால்தர், பர்டினி, மொரினி என்று எந்த நல்ல பிஸ்டலை எடுத்தாலும் ட்ரிகரில் சின்னச் சின்னத் திருகுகள் இருக்கும். முதல் கட்ட ஓட்டத்தின் நீளம், அதன் கனம், இரண்டாம் கட்டத்தின் கனம், விட்ட பிறகு எங்கே நிற்க வேண்டும் என்பது எல்லாவற்றையும் தனித்தனியே திருத்தலாம். மொரினியின் ஒரு வகையில் ட்ரிகர் மின்சாரத்தில் வேலை செய்கிறது. விரல் சுவிட்சைத்தான் அழுத்துகிறது. சர்வதேச விதிப்படி மொத்த இழுப்பு 500 கிராமுக்குக் குறையக் கூடாது. 25 மீட்டர் போட்டிகளில் 1000 கிராம். பரிசோதனையில் குழலை மேல் நோக்கிச் செங்குத்தாகப் பிடித்து, தரையில் இருக்கும் எடைக்கல்லை ட்ரிகராலேயே தூக்கிக் காட்ட வேண்டும். ஸ்பிரிங் தராசு செல்லாது. சரியாக 500-ல் வைத்துக்கொண்டு போனால் போட்டி நாளின் குளிரூட்டிய அரங்கில் சில கிராம் நழுவித் தகுதி போகும் ஆபத்து உண்டு. ஐம்பது கிராமாவது கூடுதலாக வையுங்கள்.

தொடங்குகிறவருக்கு என் அமைப்பு: கனத்தில் பெரும்பங்கை முதல் கட்டத்துக்குக் கொடுங்கள், இரண்டாம் கட்டத்துக்கு நூற்றைம்பது கிராம் போதும். அப்போது விரல் சுவரில் சாய்ந்து ஓய்வெடுக்கும். குறி நிலைத்ததும் கொஞ்சம் கூட்டினால் விடும். இந்த அமைப்பை மாதக்கணக்கில் தொடாதீர்கள். ஒவ்வொரு மோசமான நாளுக்கும் திருகைத் திருப்புகிறவர் கடைசியில் எந்த ட்ரிகருக்கும் பழகாதவராகவே இருப்பார். 75 நிமிடத்தில் அறுபது வேட்டு, பத்து மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 11.5 மி.மீ. என்ற போட்டியில் அறுபது முறையும் விரல் ஒரே மாதிரி நகர வேண்டும்.

கருவியைப் பராமரிப்பதும் அதே அளவு முக்கியம். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டலில் காக்கிங் லீவர் பழுதாகி, சரிசெய்யும் நேரத்தில் நிமிடங்கள் கரைந்து, இறுதிச் சுற்று கைநழுவியது. 2024-ல் பாரீஸில் அதே ஏர் பிஸ்டல் பிரிவில் அவர் வெண்கலம் வென்றார். சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு அணியில் இன்னொன்று.

நல்ல ஏர் பிஸ்டலின் விலை லட்சத்தைத் தாண்டும். அதனால் முதலில் வாங்காதீர்கள். மதுரை, கோயம்புத்தூர், சென்னை ரைபிள் கிளப்புகளில் ஒன்றில் சேர்ந்து, அங்கிருப்பதில் பழகுங்கள். தினமும் இருபது நிமிடம் வெறும் சுவரைப் பார்த்து, குண்டில்லாமல் ட்ரிகரை அழுத்திப் பாருங்கள். முன்குறி அசையாமல் விட வேண்டும், அவ்வளவே. ஆறு மாதம் அப்படிச் செய்த பிறகும் ட்ரிகர் சரியில்லை என்று தோன்றினால், திருகை எடுங்கள்.